செவிவழி வந்த மொழி

இராமேசுவரத்தில் கதிரவன் எழுவதற்கு முன்பே மொழிகள் எழுந்துவிடும். கோயிலின் கிழக்கே அக்கினி தீர்த்தக் கரையில் வைகறைப் பொழுதில் நின்று பாருங்கள். அங்கே கடல் குளத்து நீர்போல் அமைதியாகக் கிடக்கும். அலையோசை மிகுதியாக இராது. ஆனால் மக்கள் குரலுக்குக் குறைவே இல்லை. காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் ஏந்தி வந்த முதியவர் இந்தியில் பேசுவார். அவருக்கு அருகில் ஈர உடையோடு நிற்கும் குடும்பம் தெலுங்கில் பேசும். சற்றுத் தள்ளி வங்காளமும் மராட்டியும் குசராத்தியும் ஒலிக்கும். கோயிலினுள்ளே உள்ள 22 தீர்த்தங்களில் வாளியால் நீர் இறைத்து ஊற்றுவோர், "வாருங்கள், தலையைக் குனியுங்கள், அடுத்த தீர்த்தத்திற்குச் செல்லுங்கள்" என்று வந்தவர் மொழியிலேயே சொல்லுவர். ஆட்டோ ஓட்டுநரும், தேநீர் விற்பவரும், சங்குக் கடைக்காரரும் நான்கு ஐந்து மொழிகளில் விலை பேசுவர்.

இவர்களுக்கு இம்மொழிகளைக் கற்பித்த பள்ளிக்கூடம் எது? இவ்வினா என் மனத்தில் நெடுங்காலம் எழவே இல்லை. இத்தனைக்கும் நான் அந்தப் பகுதியில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்தவன். முதுமையில் நானே ஒரு புதிய மொழியின் முன் மாணவனாக அமர்ந்தபோதுதான் அவ்வினா எழுந்தது. அந்த வரலாற்றையே இங்குக் கூறப்போகிறேன்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் மாணவன் ஒருவன் பயின்றான். அவன் தந்தை கோயில் தெருவில் சங்கும் சோழியும் சிப்பியால் செய்த பொம்மைகளும் விற்பவர். ஒருநாள் இறந்தகாலத்தில் ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லுமாறு அவனைக் கேட்டேன். "நேற்று நான் கடைக்குப் போகிறேன்" என்று பொருள்படும்படி அவன் பிழையாகச் சொன்னான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு அவனை நிற்க வைத்து, அந்த வினைச்சொல்லின் வடிவங்களை இருபது முறை சொல்லச் செய்தேன். அவன் சொன்னான். ஆனால் அன்று முதல் அவன் என் வகுப்பில் தானாக வாய் திறந்ததே இல்லை. "இவனுக்கு மொழி வராது" என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அதே மாணவன் மாலை வேளையில் தந்தையின் கடையில் நின்று, மராட்டிய மூதாட்டி ஒருவரோடும் தெலுங்குக் குடும்பம் ஒன்றோடும் மாறி மாறிப் பேசிச் சங்கு விற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பாராதவனாகவே போயிருக்கிறேன். அது பிழைப்பு, இது கல்வி என்று அன்று எண்ணினேன் போலும்.

ஓய்வு பெற்றபின் தங்கச்சிமடத்தில் கடலுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில் வாழ்ந்து வருகிறேன். என் மகன் வேலையின் பொருட்டு ஸ்பெயின் நாட்டுத் தலைநகராகிய மாட்ரிட்டில் குடியிருக்கிறான். அவனுடைய மகளுக்கு வயது நான்கு. வீட்டில் அவளோடு தமிழில்தான் பேசுவார்கள். ஆயினும் மழலையர் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய சில மாதங்களில் அவள் நாவில் ஸ்பானிய மொழி முந்திக்கொண்டது. நாளெல்லாம் கேட்கும் மொழிதானே குழந்தையின் நாவில் முதலில் வரும்!

ஒருநாள் அவள் கைப்பேசித் திரையில் தோன்றி, ஒரு தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, மீரா! மீரா!" என்றாள். மீரா என்பவள் அவளுடைய பள்ளித் தோழியாக இருக்கவேண்டும் என்று நான் எண்ணினேன். "மீரா யார் அம்மா? உன் வகுப்பில் படிக்கிறவளா?" என்று கேட்டேன். குழந்தை மீண்டும், "மீரா, தாத்தா!" என்றாள். நான் மீண்டும் மீராவைப் பற்றியே விசாரித்தேன். மூன்றாம் முறையும் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் கைப்பேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். மகன் அலுவலகத்திற்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தான். இரண்டொரு செய்தி பேசிவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பேத்தி தமிழை மறவாதிருக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அவள் என்னிடம் வரும் வழியில் நானும் சிறிது தூரம் எதிர்கொண்டு நடக்க வேண்டாவா? ஸ்பானிய மொழியைக் கற்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஐம்பது கோடியை நெருங்கும் மக்களுக்குத் தாய்மொழி அது. ஸ்பெயினில் மட்டுமன்றி, மெக்சிகோ முதல் அர்சென்டினா வரையில் அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளிலும் அது ஆட்சிமொழியாக விளங்குகிறது. இத்தகைய பெருமொழியை முறையாகக் கற்கவேண்டும் என்று எண்ணி ஓர் இலக்கண நூலை வாங்கினேன். நான் என் மாணவர்க்குக் கற்பித்த முறையிலேயே எனக்கும் கற்பித்துக்கொண்டேன். ‘பேசு’ என்னும் வினைக்குரிய வடிவங்களை, ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா’ என்று மனப்பாடம் செய்தேன். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்பவை அவற்றின் பொருள். தமிழில் ‘வந்தேன்’ என்ற அளவிலேயே வந்தவன் நான் என்பது விளங்குவதுபோல, அம்மொழியிலும் வினையின் ஈறே எழுவாயைக் காட்டிவிடும். எழுவாயைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. இவ்வொற்றுமை கண்டு மகிழ்ந்தேன். ‘இரு’ என்னும் ஒரு பொருளுக்கு, இயல்பைக் குறிக்க ஒரு சொல்லும், நிலையையோ இடத்தையோ குறிக்க வேறொரு சொல்லும் உண்டு என்று அறிந்து வியந்தேன். மேசைக்கும் நாற்காலிக்கும் கூடப் பெண்பால் வகுத்திருப்பது கண்டு மலைத்தேன்.

இரண்டு திங்கள் கழிந்தன. பேத்தியோடு பேசும் நாள் வந்தது. அவள் ஏதோ கேட்டாள். நான் அதன் பொருளைத் தேடி, விடையைத் தமிழில் அமைத்து, அதனை ஸ்பானியத்தில் மாற்றி, பாலும் ஈறும் சரிபார்த்து வாய் திறப்பதற்குள் குழந்தை விளையாடப் போய்விட்டாள். என்னிடம் விதிகள் இருந்தன, மொழி இல்லை.

என் வருத்தத்தைக் கேட்டறிந்த அண்டை வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, "தாத்தா, புத்தகத்தைச் சிறிது காலம் மூடி வையுங்கள். இதைப் பாருங்கள்" என்று என் கைப்பேசியில் சில காணொளிகளைக் காட்டினாள். பாப்லோ ரோமான் என்னும் ஸ்பானியர் தொடங்கிய ‘ட்ரீமிங் ஸ்பானிஷ்’ என்னும் வரிசை அது. அதில் உள்ள குறுங்காணொளிகள் கற்பவரின் தகுதிக்கேற்ப நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தொடக்கத்திற்கும் முந்திய நிலை, தொடக்க நிலை, இடைநிலை, உயர்நிலை என்பன அவை. பேசுவது முழுவதும் ஸ்பானிய மொழியே, மொழிபெயர்ப்பு இல்லை. பலவற்றைக் கட்டணமின்றியே காணலாம்.

முப்பது ஆண்டு ஆசிரியப் பணி செய்தவன் முதற்படியில் போய் அமர்வதா என்று என் செருக்குத் தடுத்தது. நேரே உயர்நிலைக் காணொளி ஒன்றைத் திறந்தேன். இருவர் உரையாடினர். மார்கழி மாதத்து வாடைக்காற்று பனையோலையில் மோதும்போது எழும் இரைச்சலுக்கும் அவர்கள் பேச்சுக்கும் எனக்கு வேறுபாடு தோன்றவில்லை. இடைநிலைக்கு இறங்கினேன், அதுவும் விளங்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, இறுதியில் அடிப்படிக்கே வந்து சேர்ந்தேன். மனைவி பார்த்தால் நகைப்பாள் என்று எண்ணி, மாலையில் மொட்டை மாடிக்குச் சென்று தனியே அமர்ந்தேன்.

அங்கே ஆசிரியர் ஒருவர் வெண்பலகையின் முன் நின்றார். ஒரு வீட்டை வரைந்து, "காசா" என்றார். அதனுள் ஒரு பூனையை வரைந்து, "காத்தோ" என்றார். பூனை வீட்டினுள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்டுத் தாமே விடையும் கூறினார். சொன்னதையே வேறு வேறு முறையில் சொன்னார், கையால் காட்டினார், முகத்தால் காட்டினார். இடையிடையே தாம் வரைந்த படத்தைச் சுட்டி ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல், "மீரா!"

நான் திடுக்கிட்டேன். மீரா என்பது ஒரு சிறுமியின் பெயரன்று. ‘பார்’ என்பதே அதன் பொருள். என் பேத்தி தான் வரைந்த படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, பாருங்கள், பாருங்கள்" என்று கெஞ்சியிருக்கிறாள். நானோ படத்தைப் பாராமல், இல்லாத ஒரு தோழியைத் தேடிக்கொண்டிருந்தேன்! அந்தத் தாளில் அவள் என்ன வரைந்திருந்தாள் என்பது எனக்கு இன்றளவும் தெரியாது.

அன்று முதல் நாள்தோறும் அரைமணி நேரம் மாடியில் அமர்ந்து கேட்டேன். சொல்லைத் தமிழில் பெயர்த்துக்கொள்ள முயலவில்லை. விளங்கியதை விளங்கியவாறே விட்டுவிட்டேன். சில வாரங்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. நான் மனப்பாடம் செய்யாத சொற்கள் தாமாகவே நெஞ்சில் தங்கலாயின. நீர் என்பதற்குரிய ‘ஆகுவா’, கடல் என்பதற்குரிய ‘மார்’ ஆகியவை எந்தப் பட்டியலிலும் இன்றி நினைவில் நின்றன. ஒருநாள் ஆசிரியர் மேசையைத் தட்டி "மேசா" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்பானியச் சொல் என் வீட்டினுள்ளேயே இத்தனை காலம் நான்கு கால்களோடு நின்றிருக்கிறதே!

இதற்குக் காரணம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தனர். மண்டபத்தை அடுத்த வேதாளையிலும் அவர்கள் தங்கியிருந்தனர். போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் மொழியில் பிறந்த உடன்பிறப்புகள். ஆகவே போர்ச்சுகீசியர் வாயிலாகத் தமிழிற் புகுந்த மேசை, அலமாரி, துவாலை, பாதிரி ஆகிய சொற்களும், இலங்கைத் தமிழர் காலணிக்கு வழங்கும் சப்பாத்து என்னும் சொல்லும் ஸ்பானியம் கற்போர்க்குப் பழகிய முகங்களாகத் தோன்றும்.

சொற்களைத் தந்து சென்ற அவ்வயலவர்கள், நம் மொழியைக் கற்றது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்தேன். 1546ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த அன்றிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியத் துறவி இக்கடற்கரை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். 1578ஆம் ஆண்டில் அவர் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் செர்மானியர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பெரும்புலவராக உயர்ந்தவர். அவர் பேச்சுவழக்கிலுள்ள கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதினார். தமிழ் பயிலும் அயல்நாட்டார்க்குப் படிப்புப் பயிற்சி தருவதற்காகவே அவர் ‘பரமார்த்த குருவின் கதை’யை எளிய நடையில் எழுதினார் என்று அறிஞர் கூறுவர். மூடக் குருவும் அவருடைய ஐந்து சீடரும் ஆற்றைக் கண்டு அஞ்சும் அக்கதையில், சிரித்துக்கொண்டே சொல்லைக் கற்கலாம். கற்பவன் நிற்கும் படிக்கு இறங்கி வந்து, அவனுக்கு விளங்குமாறு பேசவேண்டும் என்னும் உண்மையை முனிவர் அன்றே கண்டிருந்தார். இன்று கைப்பேசித் திரையில் பூனை வரைகின்ற ஆசிரியரும் அதைத்தான் செய்கிறார்.

இக்கால மொழியியலறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிராஷன், மொழி நம்முள் வளர்வதற்கு விளங்கக்கூடிய பேச்சை மிகுதியாகக் கேட்பதும் படிப்பதுமே முதன்மையான வழி என்றார். அப்பேச்சு நம் நிலைக்கு ஒரு படி மேலாக இருக்கலாம். பத்துப் படி மேலாக இருத்தல் கூடாது. அச்சமும் வெட்கமும் மனத்தில் நிறைந்திருந்தால், நல்ல பேச்சும் உள்ளே புகாமல் வாயிலிலேயே நின்றுவிடும் என்பதும் அவர் கருத்து. கேட்டல் ஒன்றே போதும் என்பதை அறிஞர் அனைவரும் ஏற்பதில்லை. பேசியும் எழுதியும் பழகவேண்டும், இலக்கணமும் வேண்டும் என்பார் பலர். ஆயினும் விளங்காத பேச்சினால் பயன் விளையாது என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை.

இது எளிய வழி என்று நான் கூறமாட்டேன். அக்காணொளி வரிசையை அமைத்தவர்களே, தாய்மொழியாளரைப் போலச் சரளமாக அம்மொழியைக் கையாள 1,500 மணிநேரம் கேட்கவேண்டும் என்று மதிப்பிடுகின்றனர். நாளொன்றுக்கு அரைமணி எனக் கணக்கிட்டால் 3,000 நாட்கள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். என் வயதில் இது சிறிய கணக்கன்று. மேலும், கைப்பேசி ஒரு நல்ல ஆசிரியனுமாகும். ஒரு பொல்லாத தோழனுமாகும். பாடத்திற்காகத் திறந்த திரை, அடுத்த நொடியில் பயனற்ற வேறொன்றைக் காட்டி நம்மை அழைக்கும். அரைமணி முடிந்ததும் கைப்பேசியை மாடத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்ப்பது என்று ஒரு விதி செய்துகொண்டேன். அவ்விதியைப் பலநாள் காத்தேன், சிலநாள் மீறினேன்.

இவ்வாறு நான் மாடியில் அமர்ந்து பூனையும் வீடும் கற்றுக்கொண்டிருந்த நாட்களில்தான், சங்குக் கடை மாணவனின் நினைவு வந்தது. அவனும் இவ்வாறே அன்றோ கற்றான்! யாத்திரிகர் சங்கைக் கையில் எடுப்பர். அதன் பெயரைச் சொல்லுவர். விரல்களைக் காட்டி விலை கேட்பர். எண்ணின் பெயர் விளங்கும். ‘பெரியது, சிறியது, வேண்டும், வேண்டாம், குறைத்துக் கொடு’ என்னும் அதே சொற்கள் நாள்தோறும் நூறு வாயிலிருந்து அவன் செவியில் விழுந்தன. பொருள் கண்முன் இருந்தது. சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. அவனுக்கு மொழி வராது என்று நான் சொன்னது எத்தகைய பேதைமை!

மறுநாளே பேருந்தேறி இராமேசுவரம் சென்றேன். தந்தையின் கடையை இப்போது அவனே நடத்துகிறான். தலையில் நரை தோன்றத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாருங்கள் ஐயா" என்று நாற்காலி இட்டான். தேநீர் வரவழைத்தான். சிறிது நேரம் கழித்து நான் கேட்டேன்:

"தம்பி, இத்தனை மொழிகளை நீ எப்படிக் கற்றாய்?"

"கற்றேன் என்று சொல்ல முடியாது ஐயா. காதில் விழுந்தது, வந்துவிட்டது."

"என் வகுப்பில் மட்டும் ஏன் வரவில்லை?"

அவன் உடனே விடை கூறவில்லை. கையிலிருந்த சங்கைத் துணியால் துடைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஐயா, தவறாக எண்ணக் கூடாது. கடையில் பிழையாகச் சொன்னால், வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சங்கையும் வாங்கிக்கொண்டு போவார். வகுப்பில் பிழையாகச் சொன்னால் நிற்க வேண்டும்."

முப்பது ஆண்டுகளில் நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாக எனக்கு இதை உணர்த்தவில்லை. "அன்று உன்னைப் பார்த்து நானும் சிரித்தேன். அது தவறு, தம்பி" என்றேன். அவன் பதறி, "அதெல்லாம் பழைய கதை ஐயா, நீங்கள் நன்றாகத்தான் கற்பித்தீர்கள்" என்றான். அவனுடைய பண்பு அவ்வாறு பேச வைத்தது. உண்மை எது என்பது எங்கள் இருவர்க்கும் தெரியும். அதற்குள் வடநாட்டுக் குடும்பம் ஒன்று கடை வாயிலில் வந்து நின்றது. அவன் முகமலர்ச்சியோடு எழுந்து இந்தியில் அவர்களை வரவேற்றான். நான் அமர்ந்து, ஒரு மாணவனைப்போல, அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறன்று பேத்தி திரையில் தோன்றினாள். நான் கடற்கரைக்குச் சென்று, அப்போதுதான் கரை சேர்ந்த வள்ளத்தின் அருகே நின்றுகொண்டிருந்தேன். கூடை நிறைய மீன் இருந்தது. கைப்பேசியை அதன் பக்கம் திருப்பி, "மீரா! பெத்!" என்றேன். ‘பார், மீன்’ என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. மீனைக் குறிக்கும் அச்சொல்லை ஸ்பெயின் நாட்டார் ‘பெத்’ என்றும், அமெரிக்கக் கண்டத்தார் ‘பெஸ்’ என்றும் ஒலிப்பர். குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். "இல்லை தாத்தா! பெஸ்காதோ!" என்றாள். நீரில் நீந்தும் மீனுக்கு ஒரு சொல்லும், பிடித்து உணவுக்காக வைத்த மீனுக்கு வேறொரு சொல்லும் அம்மொழியில் உண்டு. வலையில் பட்டபின் மீனின் பெயரே மாறிவிடுகிறது! கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, நான்கு வயதுக் குழந்தை அவ்வேறுபாட்டைக் கற்பித்தாள்.

நான் பிழை செய்தேன், அவள் சிரித்தாள். ஆனால் அச்சிரிப்பு என்னை நிற்க வைக்கவில்லை. மேலும் பேச வைத்தது. "பெஸ்காதோ" என்று திருத்திச் சொன்னேன். பிறகு கடலைக் காட்டி, "பெத்" என்றேன். "ஆம், ஆம்" என்று தலையசைத்தாள். அப்பால் அவளாகவே கூடையைச் சுட்டி, "தமிழில் இது மீன். கடலில் இருப்பதும் மீன்தானா, தாத்தா?" என்று தமிழில் கேட்டாள். "ஆம் அம்மா, நமக்கு இரண்டும் மீன்தான்" என்றேன். அன்று அவள் ஓடிப் போகவில்லை. வள்ளத்தையும் வலையையும் நண்டையும் காட்டச் சொல்லி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். எந்த மொழியில் பேசினோம் என்று கேட்டால் என்னால் கூற இயலாது, இரண்டும் கலந்திருந்தன.

மாணவர்களே! நான் இன்னும் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. ஆயினும் நான் அறிந்த அளவில் உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். புதிய மொழி எதுவாயினும், உங்களுக்கு எந்தப் படி விளங்குகிறதோ அந்தப் படியில் அமருங்கள். அது சிறுவர்க்குரிய படியாக இருப்பினும் வெட்கப்படாதீர்கள். சீகன்பால்கு மணலில் அமர்ந்தார்; வீரமாமுனிவர் பிறருக்காகக் கதை எழுதினார். முதலில் கேளுங்கள், பொருள் விளங்குமாறு கேளுங்கள், நாள்தோறும் சிறிதேனும் கேளுங்கள். பிறகு பேசுங்கள்; எழுதுங்கள். இலக்கணத்தையும் வெறுத்து ஒதுக்காதீர்கள். கேட்டு நிறைந்த நெஞ்சுக்கு அது ஒழுங்கைத் தரும். நான் மூடி வைத்த இலக்கண நூலை இப்போது மீண்டும் திறந்திருக்கிறேன். முன்பு சுமையாக இருந்த விதிகள், இன்று நான் அறிந்த சொற்களைப் பற்றிய செய்திகளாகத் தோன்றுகின்றன.

எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் வகுப்பில் ஒருவன் தட்டுத் தடுமாறிப் பேசும்போது இகழ்ந்து சிரிக்காதீர்கள். அவன் நாவில் ஒரு மொழி பிறந்துகொண்டிருக்கலாம். ஒரு நொடிச் சிரிப்பு அதனைப் பல ஆண்டுகள் அடக்கிவிடக் கூடும். நான் அதைச் செய்தவன், ஆதலால் சொல்லுகிறேன்.

இன்று மாலையும் மாடியில் அமர்ந்து என் பாடத்தைக் கேட்கப் போகிறேன். இப்போதெல்லாம் நான் மறைவாகச் செல்வதில்லை. என் மனைவியும் அருகில் வந்து அமர்கிறாள். ஆசிரியர் படத்தைச் சுட்டி "மீரா" என்று சொல்லும்போது, நாங்கள் இருவருமே பார்க்கிறோம்.